பலகை பிழைத்தது, குரல் போயிற்று



குற்றாலத்தில் சாரல் பெய்யும் நாள்களில், ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று தென்காசித் தெருக்களையெல்லாம் குளிர்விக்கும். அதே காற்று மின்கம்பிகளையும் உலுக்கிவிடும். விளக்குகள் வருவதும் போவதுமாக இருக்கும். அத்தகைய ஒரு மாலையில், எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார், துணியில் சுற்றிய டேப்லெட் ஒன்றுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார்.

நடந்தது இதுதான். புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரை அறிவிக்கவே, சிறுவன் சம்மதம் கொடுத்துவிட்டான். பேட்டரி பழையது, சார்ஜரில் செருகியிருந்தபோதே மின்சாரம் நின்றது. பாதி வேலையில் கருவி அணைந்துவிட்டது. அதன்பின் எத்தனை முறை இயக்கினாலும் நிறுவனத்தின் சின்னம் தோன்றும், மறையும், மீண்டும் தோன்றும். கடையில் காட்டியபோது, "போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார்களாம்.

"ஹஜ்ரத், கருவி போனால் போகட்டும். மவுத்தான என் உம்மாவின் குரல் இதற்குள்தான் இருக்கிறது. பேரனுக்குச் சொன்ன கதைகளையெல்லாம் அவன் பதிவு செய்து வைத்திருந்தான்" என்று சொல்லும்போதே அவருடைய கண்கள் கலங்கின.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன், பொறியியல் அறியாதவன். ஆயினும் தேவை பலவற்றைக் கற்றுத் தருகிறது. கருவியைத் தட்டியெழுப்பி வேலை செய்ய வைக்கும் அடிப்படை மென்பொருளை ஃபர்ம்வேர் என்பார்கள். அது சிதைந்தால் கருவி கிடையில் விழுந்த நோயாளிபோல் ஆகிவிடும். ஆனால் அது மரணமன்று. சில்லுக்குள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட, அழிக்க இயலாத சிறு நிரல் ஒன்று உண்டு. அது விழித்திருக்கும்வரை, கணினியிலிருந்து யூஎஸ்பி வடத்தின் வழியே ஃபர்ம்வேரை மீண்டும் எழுதிவிடலாம்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் தம்பி மகனுக்குக் கிடைத்த மடிக்கணினி எங்கள் வீட்டில் இருந்தது. மறுநாள் காலை மின்சாரம் நிலைபெற்ற பிறகு வேலையைத் தொடங்கினேன். கருவியின் பின்புறத்திலுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்குரிய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கினேன். ஓர் எழுத்து மாறினாலும் கருவி முன்னிலும் மோசமாகலாம். பின்னர், கணினி கருவியை அடையாளம் காண உதவும் டிரைவரை நிறுவினேன்.

அந்தக் கருவியில் இருந்தது மீடியாடெக் சில்லு. அதற்கு எஸ்பி ஃபிளாஷ் டூல் என்னும் மென்பொருள் பயன்படுகிறது. அதில் "டவுன்லோட் ஒன்லி" என்றொரு வழியும், "ஃபார்மட் ஆல்" என்றொரு வழியும் உண்டு. பின்னது அனைத்தையும் துடைத்துவிடும். கருவிக்குரிய ஐஎம்இஐ எண்கூட அழிந்து போகலாம். எனவே முதல் வழியைத் தேர்ந்து, பயனரின் கோப்புகள் உள்ள பகுதியைக் குறியிடாமல் விட்டேன். அணைத்திருந்த கருவியை வடத்தில் இணைத்ததும் கோடு மெல்ல நகர்ந்தது. இறுதியில் பச்சை அடையாளம் தெரிந்தது. ஆனால் கருவியை இயக்கியபோது, மீண்டும் அதே சின்னம்! கோப்புகள் உள்ள பகுதியே சிதைந்திருந்தது.

"தங்கச்சி, அந்தப் பகுதியைத் துடைத்தால் கருவி எழும், குரல் போய்விடும். துடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. முடிவு உங்களுடையது" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மகன் படிக்க வேண்டும் ஹஜ்ரத், செய்யுங்கள்" என்றார்.

செய்தேன். கருவி எழுந்தது. முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. திருடியவன் துடைத்துவிட்டுப் பயன்படுத்தாதிருக்க அமைந்த காவல் அது. கணவரிடம் தொலைபேசியில் கேட்டுப் பதித்தார். அப்போதுதான் அக்கணவர், "மாமியின் கதை ஒன்றை நீ எனக்கு அனுப்பியிருந்தாயே, அது என்னிடம் இருக்கிறது" என்றார். பல கதைகளில் மிஞ்சியது அந்த ஒன்று மட்டுமே. அதைக் கேட்டபோது அப்பெண் அழுதார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐபேட் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அது எழ மறுத்தால், ரெக்கவரி நிலையில் கணினியுடன் இணைக்கும்போது "அப்டேட்", "ரீஸ்டோர்" என இரண்டு வழிகள் தோன்றும். முதலில் "அப்டேட்" என்பதையே அழுத்துங்கள். அது கோப்புகளைத் துடைக்காமல் மென்பொருளை மீண்டும் நிறுவ முயலும். "ரீஸ்டோர்" அனைத்தையும் துடைத்துவிடும்.

இவையெல்லாம் விபத்துக்குப் பின் செய்யும் வைத்தியம். வருமுன் காப்பது எளிது: பேட்டரி நிறைந்திருக்கும்போது, மின்சாரம் உறுதியாக உள்ள வேளையில் மட்டும் புதிய பதிப்புக்குச் சம்மதியுங்கள். பெரியோர்களின் குரலையும் படங்களையும் ஒரே கருவியில் வைக்காதீர்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும், மற்றொன்றை வெளியூரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். ஃபர்ம்வேரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். உம்மாவின் குரலை எந்தத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்குவது?