கூரையைப் பிய்த்துவிட்டு மருந்து காய்ச்சுவதா?

நோய் தீர்க்கப் பிறந்தது மருந்து. அந்த மருந்தை ஆக்கும் ஆலையிலிருந்து கிளம்பும் ஆவி, உலக மாந்தர் அனைவருக்கும் குடையாக விரிந்திருக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்றால், அதனை மருத்துவம் என்பதா, மடமை என்பதா?

"அரிசி விலை பற்றிப் பேச வேண்டியவர்கள் ஆகாயம் பற்றிப் பேச வந்துவிட்டார்களே!" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நகைக்கட்டும்! ஆகாயத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்போரை மேட்டூருக்கு வருமாறு அழைக்கிறோம். இந்தியாவில் குளோரோ புளோரோ கார்பன் என்னும் குளிர்பதன வாயுவை ஆக்கி வந்த நிறுவனங்கள் நான்கே நான்கு. அவற்றுள் ஒன்றின் ஆலை இருந்த இடம், 1934-இல் அணை எழுந்த அதே மேட்டூர்; நம் சேலம் மாவட்டத்து மேட்டூர்! வானத்து ஓட்டையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது.

அந்த வாயு வானேறிச் சிதைந்து, அதிலுள்ள குளோரின் ஓசோனைத் தின்னும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் எனும் அறிவியலார் இருவர் எச்சரித்தனர். முதலாளிமார் சிரித்தனர். 1985-இல் தென்துருவத்துக்கு மேலே ஓசோன் மெலிந்து கிடப்பது கண்டறியப்பட்டது. சிரிப்பு நின்றது. 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது.

ஒப்பந்தம் பிறந்தது சரி. விலையை யார் கொடுப்பது? ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 300 கிராம்கூடப் பயன்படுத்தாத ஏழை நாடுகளும், குளிர்பதனப் பெட்டியிலேயே குடித்தனம் நடத்திய செல்வ நாடுகளும் ஒரே தட்டில் நிற்பதா? 1990-இல் இலண்டன் மாநாட்டில் இந்தியாவும் சீனாவும் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பின. கெடுத்தவன் பணம் கொடு, தொழில்நுட்பம் கொடு, பிறகு கையெழுத்துக் கேள் என்றன. பலதரப்பு நிதி உருவாயிற்று. 1992-இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பிச்சை கேட்டுப் பெற்றதன்று அந்த நிதி. உரிமை பேசிப் பெற்றது!

விளைவு என்ன? 2010 வரை கெடு இருந்தும், 2008 ஆகஸ்டிலேயே இந்தியாவில் அந்த வாயுவின் உற்பத்தி நின்றது. விலக்குப் பெற்றது ஒன்றே ஒன்று: ஆஸ்துமா நோயாளரின் இன்ஹேலர். மருந்தை நெஞ்சுக்குள் உந்தித் தள்ள அதே வாயுதான் அதில் அடைக்கப்பட்டிருந்தது. "இதில் கை வைத்தால் ஏழையின் மூச்சு நிற்கும்" என்றனர் சிலர். நின்றதா? மாற்று வாயு வந்தது. இன்ஹேலரும் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது.

ஆலைக்குள்ளே இன்னொரு பகைவன் இருந்தான்: கார்பன் டெட்ரா குளோரைடு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நீக்கும் மருந்துகளின் ஆக்கத்தில் அதனைப் பயன்படுத்தினார்கள். 2010 சனவரி 1 முதல் அத்தகைய பயன்பாட்டுக்கும் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. மருந்து கிடைக்காமல் போயிற்றா? மேட்டூரின் இரசாயனத் தொழில்தான் அழிந்துவிட்டதா? இல்லை, இல்லவே இல்லை!

இவ்வளவு வென்ற பிறகும் ஏன் இந்தக் கட்டுரை? வெற்றியின் மறைவில் ஒரு திருட்டு வழி திறந்து கிடக்கிறது; அதனால்தான்.

மெத்திலீன் டைகுளோரைடு என்றொரு கரைப்பான். தொழிலாளர் நாவில் எம்.டி.சி. மருந்தின் மூலப்பொருளைக் கரைக்கவும் பிரிக்கவும், கடலூர் முதல் ஐதராபாத் வரை மருந்துத் தொழில் அறிந்த பொருள். இதிலும் குளோரின் உண்டு. வானேறினால் ஓசோனை அரிக்கும். ஆனால் மாண்ட்ரியல் பட்டியலில் இதன் பெயர் இல்லை. இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஓசோன் விதிகளின் அட்டவணையிலும் இல்லை. பெயர் இல்லாதவன் குற்றவாளி இல்லையாம்!

இது கொதிப்பது ஏறத்தாழ 40 பாகைச் சூட்டில். சித்திரை வெயிலில் சேலம் காணும் சூடும் அதே 40 பாகைதான். மூடி திறந்த பீப்பாயிலிருந்தும், வடிகட்டும் இடத்திலிருந்தும், உலர்த்தும் அறையிலிருந்தும் அது தானே எழுந்து போகும். போகும் வழியில் முதலில் நுழைவது எங்கே? தொழிலாளியின் நெஞ்சில்! உடலுக்குள் சென்று கார்பன் மோனாக்சைடாக மாறும் நஞ்சு அது. புற்றுநோய் தரக்கூடியது என்று கருதப்படும் பொருள்களின் வரிசையில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதனை வைத்திருக்கிறது. அமெரிக்க அரசு 2024-இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது.

"காற்றில் ஆறு திங்கள்தானே நிற்கும்? அதற்குள் என்ன கெடும்?" என்று வாதிடுகின்றனர். ஆறு திங்கள் போதும் ஐயா! ஆசியாவின் பருவமழைக் காற்று அதனை மேகத்தோடு மேகமாக விரைந்து மேலே தூக்கிச் செல்கிறது. இதன் பெருக்கம் தொடர்ந்தால் தென்துருவ ஓசோனின் மீட்சி தள்ளிப்போகும் என்று 2017-இல் ஆய்வாளர் எச்சரித்தனர். இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் 2066-ஆம் ஆண்டை ஒட்டி அந்த ஓட்டை ஆறும் என்று 2023-இல் ஐக்கிய நாடுகள் அறிவியலார் குழு கூறியது. அந்தக் காலக் கணக்கையும் கலைக்கப் பார்ப்பதா?

"தொழிலை முடக்கப் பார்க்கிறார்கள்" என்ற பழியும் வரும். சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று அறுபதுகளில் குரல் கொடுத்த தமிழகம் இது. தொழிலுக்குப் பகைவரல்லர் நாம். கலன்களை மூடு, ஆவியைக் குளிர்வித்து நீர்மமாக்கு, மிஞ்சியதைக் கரியில் பிடித்து மீண்டும் பயன்படுத்து, இயலும் இடத்தில் எத்தில் அசிடேட் போன்ற மாற்றுக்குப் போ என்கிறோம். காற்றில் விடுவது காசைத்தானே? பெரிய முதலாளி இதனைத் தன் இலாபத்தில் செய்யட்டும். சிறு ஆலைக்கு நிதி வேண்டும். 1990-இல் இலண்டனில் கேட்ட உரிமைக் குரல் மறுபடியும் எழட்டும்.

மற்றொன்றும் சொல்வோம். இன்ஹேலரில் வந்த மாற்று வாயு ஓசோனைக் கெடுக்காது. ஆனால் புவியைச் சூடாக்கும். அதனைக் குறைக்க 2016-இல் கிகாலியில் உடன்பாடு கண்டு, 2021-இல் இந்தியாவும் ஏற்க வேண்டியதாயிற்று. ஒரு பெயரை நீக்கிப் பட்டியலில் இல்லாத இன்னொரு பெயருக்குத் தாவுவது சீர்திருத்தமன்று. சட்டத்தோடு ஆடும் கண்ணாமூச்சி.

ஆகவே கேட்கிறோம். மெத்திலீன் டைகுளோரைடை மாண்ட்ரியல் பட்டியலில் சேர்க்க இந்திய அரசே முன்மொழியட்டும். ஒவ்வொரு மருந்து ஆலையும் வாங்கியது எவ்வளவு, மீட்டது எவ்வளவு, காற்றில் விட்டது எவ்வளவு என்று ஊரறியக் கணக்குக் காட்டட்டும். அந்தக் கணக்கைத் தொழிற்சங்கமும் பார்க்கட்டும்.

தோழர்களே! மேட்டூர் ஆலைத் தொழிலாளியிடமும், இரசாயன டேங்கர் ஓட்டும் நாமக்கல் லாரித் தோழரிடமும், ஆத்தூரில் மரவள்ளி பிடுங்கும் உழவனிடமும் இதனைச் சொல்லுங்கள். குடை கிழிந்தால் முதலாளி மாடிக்குள் ஒதுங்குவான். வெயிலில் நிற்பவன் நம் உழவனே! அவனுக்கு மருந்தும் வேண்டும், மேலே கூரையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை!