விமானக் கட்டணத்துக்குக் கடிவாளம் வேண்டும்!

ஆலங்குடி வட்டாரத்தில் விமானம் பணக்காரர்களின் உல்லாச வாகனம் அல்ல. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சிங்கப்பூருக்கோ, மலேசியாவுக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ ஆள் போகாத தெரு அபூர்வம். கொத்து வேலைக்கும், கம்பி கட்டும் வேலைக்கும், கார் ஓட்டவும் போகிறவர்கள் இவர்கள். புதுக்கோட்டைச் சாலையிலுள்ள திருச்சி விமான நிலையம்தான் இவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டு.

முன்பு நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் போனார்கள். 1985ல் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றியதோடு அந்த வழியும் அடைபட்டது. இன்று விமானத்தை விட்டால் வேறு கதியில்லை.

"கட்டணத்தைச் சந்தை தீர்மானிக்கும்" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். யாருடைய சந்தை? ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் கட்டணம் கூடினால் தேதியைத் தள்ளிப் போடலாம். நம் தொழிலாளி என்ன செய்வான்? முதலாளி லீவு கொடுக்கிற அன்றுதான் அவன் புறப்பட முடியும். தாய் இறந்த செய்தி வந்தால் அன்றிரவே புறப்பட்டாக வேண்டும். அந்த அவசரம்தான் கம்பெனிக்கு மூலதனம். சீட்டுகள் குறையக் குறைய கம்ப்யூட்டர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் கொடுத்ததைப் போல் மற்றவர் இரண்டு பங்கு கொடுத்திருப்பார்!

இந்த நிலை தானாக வந்ததல்ல. 1953ல் விமானப் போக்குவரத்து தேசியமயமாக்கப்பட்டது. 1994ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். 2005ல் வளைகுடாத் தொழிலாளர்களை மனதில் கொண்டு குறைந்த கட்டணத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைத் தொடங்கியது பொதுத்துறைதான். 2022 ஜனவரியில் அதையும் சேர்த்து ஏர் இந்தியாவை டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இண்டிகோ, டாட்டா ஆகிய இரண்டே முதலாளிகளின் விமானங்களில் போகிறார்கள். போட்டி வந்தால் விலை குறையும் என்று சொன்னவர்கள் எங்கே? வந்தது ஏகபோகம்!

ஏகபோகத்தின் லட்சணத்தை 2025 டிசம்பரில் நாடே கண்டது. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. நியாயமான விதி, பயணிகளின் உயிரைக் காக்கும் விதி. தயாராவதற்கு அவகாசம் இருந்தும் இண்டிகோ போதிய ஆட்களை வைத்துக்கொள்ளவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்றக் கம்பெனிகளின் கட்டணம் வானத்துக்கு ஏறியது. சர்க்கார் என்ன செய்தது? விதியைத் தளர்த்தி இண்டிகோவுக்குச் சலுகை கொடுத்தது!

ஆனால் அதே சர்க்கார் அப்போது இன்னொன்றும் செய்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், மிக நீண்ட தூரத்துக்கும் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. கொரோனா காலத்திலும், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டுக் கட்டணத்துக்கு வரம்பு இருந்தது. ஆகவே, கட்டணத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பது பொய். மனமில்லை என்பதே உண்மை.

வரம்பு வைத்தால் கம்பெனிகள் திவாலாகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2012ல் கிங்ஃபிஷரும் 2019ல் ஜெட் ஏர்வேஸும் எந்த வரம்பால் மூழ்கின? சம்பளபாக்கி கிடைக்காமல் தெருவில் நின்றவர்கள் ஊழியர்கள்தான். தனியார்மயத்தின் தாயகமான இங்கிலாந்தைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் கம்பெனி விழுந்தபோது வெளிநாடுகளில் தவித்த ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை ஊர் கொண்டுவந்து சேர்த்தது சர்க்கார்தான். லாபம் முதலாளிக்கு, நஷ்டம் பொதுஜனங்களுக்கு! இது என்ன நியாயம்?

நாம் கேட்பது இவைதான். உள்நாட்டிலும், வளைகுடா, சிங்கப்பூர், மலேசியப் பாதைகளில் இந்தியக் கம்பெனிகளுக்கும் நிரந்தரக் கட்டண வரம்பு வேண்டும். சாவுக்கும் நோய்க்கும் ஓடி வருகிற தொழிலாளிக்கு நிர்ணயித்த கட்டணத்தில் இடம் கொடுக்க வேண்டும். விமானிகளின் ஓய்வு விதியில் யாருக்கும் சலுகை கூடாது. பொதுத்துறையில் மீண்டும் ஒரு விமான நிறுவனம் வேண்டும்.

மே தினத்தன்று நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் அங்கே எழுந்து நின்று இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்க வேண்டும். அவர்கள் வேர்வை சிந்தி அனுப்பும் பணம் வேண்டும், அவர்கள் ஊர் வந்து சேரும் வழியைப் பற்றி மட்டும் கவலையில்லை என்று எந்தச் சர்க்காரும் இருந்துவிட முடியாது.