ஐந்து மைல் அறம்

தோழனே!

காசிமேட்டில் விசைப்படகின் உறுமல் கேட்டுக் கண்விழிப்பவன் நீ. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூர் ஆலை வாயில்களிலும் கொடியேற்றியவன் நீ. உன்னிடம் இன்று ஓர் ஆமைக்காக வாதாட வந்துள்ளேன். நகைக்காதே!

2025 சனவரித் திங்களில் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கிய பிணங்களைக் கண்டாயா? பங்குனி ஆமைகள்! முட்டையிடக் கரை நாடி வந்த உயிர்கள்! எண்ணிக்கை ஆயிரத்தையும் விஞ்சியது என்றன ஏடுகள்.

கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்கு நுரையீரல் உண்டு. காற்றுக்காக அது மேலே வந்தாக வேண்டும். கடலடியை வாரிவரும் இழுவலையில் சிக்கினால் மூச்சு ஏது? நீந்தப் பிறந்தது நீரிலேயே மூழ்கிச் சாகிறது!

“வயிறு பெரிதா, ஆமை பெரிதா?” என்பார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன் பிடிக்கலாகாது என்கிறதே விதி, அது ஆமைக்காகவா பிறந்தது? அன்று! தன் வலை கிழிந்து, தன் மீன் பறிபோனபோது கொதித்தெழுந்தானே கட்டுமரக்காரன், அவனுக்காகப் பிறந்தது! 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் கொந்தளிப்பின் பிள்ளை. ஏழைக்கு இட்ட அந்த வேலிக்குள்தான் ஆமையும் அடைக்கலம் புகுந்திருக்கிறது. வேலியைப் பிடுங்குகிறவன் இருவரையுமே வஞ்சிக்கிறான்!

விசைப்படகில் உழைப்பவன் நம் பகைவனா? இல்லை. டீசல் விலையும் கடனும் துரத்த, கரையோர மீனைத் தேடி வருகிறான். வலையில் ஆமை தப்பிச் செல்ல வாயில் வை என்றால், “அதன் வழியே மீனும் நழுவுமே!” என்று அஞ்சுகிறான். அந்த அச்சத்தை எள்ளி நகையாடாதே. இழப்பை அவன் தலையில் மட்டும் ஏற்றாதே. அரசு பங்கேற்கட்டும் என்று குரல் கொடு. சலுகை கேட்போம், மானியம் கேட்போம். எல்லை மீறும் உரிமையை மட்டும் கேளோம்!

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 முட்டையிடுகிறது தாய் ஆமை. குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றிரண்டே வளர்ந்து பெரிதாகும் என்பர். அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்றையா, பிறந்த கரைக்குத் திரும்பும் வழியில் சாகடிப்பது?

தை பிறந்தால் அவை மீண்டும் வரும். அதற்கு முன் நீ துறைமுகத்துக்குச் செல். படகோட்டியின் தோளில் கைபோட்டுச் சொல்: “அண்ணே, ஐந்து மைல் விலகி வலை போடுங்கள். இது ஆமைக்குக் காட்டும் இரக்கம் மட்டுமன்று. கட்டுமரத்து அண்ணனுக்கு நாம் தந்த வாக்கு!”