எலும்பு முத்திப் போச்சாம்!

படப்பையில் இருபது வயசைத் தாண்டிய யாராவது "பாலே கத்துக்கப் போறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "அதெல்லாம் அஞ்சு வயசுல ஆரம்பிக்கணும், இப்ப எலும்பு முத்திப் போச்சு" என்று தீர்ப்பு வரும். சொல்பவர் எலும்பு டாக்டராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டு மாமா போதும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. மேடையே பிழைப்பு என்று ஆகிற நடனக்காரர்கள் பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கியவர்கள்தான். ஆனால் ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண் பாரிஸ் மேடையையா கேட்டாள்? ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் டென்னிஸ் பந்தை வைத்து கிரிக்கெட் ஆடுகிறவனிடம் "ரஞ்சி டீமுக்குப் போவியா?" என்று யாரும் கேட்பதில்லை. அவன் ஆடினால் விளையாட்டு, இவள் ஆடினால் மட்டும் முதலீடு, வருமானம் என்று கணக்கு பார்ப்பார்களாம். என்ன நியாயமோ!

சரி, வயசுக் கணக்கையே பார்ப்போம். ருக்மிணி தேவி பிறந்தது 1904. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவை அவர் சந்தித்தது 1928-ல். பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கியது அதன் பிறகுதான், அதாவது இருபத்து நாலு வயசுக்கு மேல். உங்கள் நாட்டு நடனத்தையும் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்ட, 1933-ல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 கடைசியில் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் மேடை ஏறியபோது அவருக்கு வயசு 31. மறு வருஷம் கலாக்ஷேத்ரா. (அந்தக் கலையை அதுவரை சுமந்து வந்த குலப் பெண்களுக்குக் கடைசியில் என்ன மிஞ்சியது என்பது தனிச் சண்டை, அதையும் ஒருநாள் போட்டே ஆக வேண்டும்.)

"அவங்களுக்கு வசதி இருந்துச்சு" என்பார்கள். இருந்ததுதான். ஆனால் மும்பையில் டாக்சி ஓட்டுநரின் மகன் மனிஷ் சௌஹானுக்கு என்ன வசதி இருந்தது? பிரேக் டான்ஸில் தொடங்கி, அதன் பிறகு பாலேவுக்குள் வந்தவர். 2020-ல் வந்த 'யே பாலே' படம் அவர் கதையையும் அவர் தோழர் அமிருதீன் ஷா கதையையும் தழுவியதுதான். மனிஷ் அதில் நடித்தும் இருக்கிறார்.

இன்னொரு கோஷ்டி, "வெள்ளைக்காரன் ஆட்டம் நமக்கெதுக்கு?" என்று வரும். நாள் முழுக்க வரவு, பற்று என்று எழுதுகிறோமே, அந்த இரட்டைப் பதிவுக் கணக்கை 1494-லேயே புத்தகமாக அச்சில் விளக்கிய லூக்கா பச்சியோலி இத்தாலிக்காரர். பாலே முளைத்ததும் இத்தாலிய அரண்மனைகளில்தான். கணக்கு மட்டும் இனிக்கிறது, ஆட்டம் கசக்கிறதா?

அடிப்படை என்பதுதான் என்ன? முதல் நிலையில் குதிகால் இரண்டும் சேர்ந்து, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். அங்கிருந்து முழங்காலை மெல்ல மடக்கினால் பிளியே. அரைமண்டி தெரிந்தவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம். பாதி மடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழக்கூடாது, முழங்கால் விரல்கள் இருக்கும் திசையிலேயே போக வேண்டும். ஒரு காலைத் தரையோடு தேய்த்து நீட்டி விரல் நுனி மட்டும் தொட்டு நின்றால் தாந்த்யூ. குதிகாலை உயர்த்தினால் ரலவே. இவ்வளவுதான் முதல் சில மாதங்களுக்கு. சலிப்பாக இருக்கும். தட்டடவு மட்டும் என்ன, முதல் நாளிலேயே தில்லானாவா?

உண்மையில் திட்ட வேண்டியது வயசை அல்ல, "முப்பதே நாளில்" என்று ஆசை காட்டும் வீடியோக்களைத்தான். அதைப் பார்த்துவிட்டு பாதத்தை ஒரே நேர்கோட்டில் திருப்பப் பார்க்கிறார்கள். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு இடம் கொடுக்காதபோது பாதத்தை மட்டும் முறுக்கினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். நுனிவிரலில் நிற்கும் அந்தக் கட்டைமுனைக் காலணியை ஆன்லைனில் வாங்கி வந்து முதல் வாரமே மாட்டுவது அதைவிட மோசம். பாதமும் கணுக்காலும் வலுப்பெறப் பல வருஷப் பயிற்சி எடுத்து, ஆசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அதைப் போடுவார்கள். அப்புறம் வலி வந்ததும் "சொன்னேன்ல, வயசாயிடுச்சு" என்று மாமா ஜெயித்துவிடுகிறார்.

வாரம் ஒருநாள் சென்னைக்குள் போய் நல்ல ஆசிரியரிடம் காலைக் காட்டித் திருத்திக்கொண்டு வந்தால், மற்ற நாளில் வீட்டிலேயே பழகலாம். சிமென்ட் தரையில் குதிக்க வேண்டாம். மொசைக்கில் சாக்ஸ் வழுக்கும். பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக் நாற்காலி உதவாது, கூடவே சாய்ந்துவிடும். இடுப்பு உயரத்தில் ஜன்னல் கம்பி இருந்தால் போதும்.