அறத்திற்குப் பிரிவில்லை

ஒரு கொடுமையைக் களைய முனைவோர், தம் அருகிலேயே உள்ள பிறிதொரு கொடுமையைக் காணாது விடுதலும் உண்டு. அறத்தைக் கூறுபடுத்தி, ஒரு பாதியைப் போற்றி மறு பாதியைப் புறக்கணித்தல் அறமாகாது என்பது என் துணிபு. இதற்கு லுக்ரீசியா மாட் அம்மையாரின் வாழ்வே தக்க சான்றாகும்.

அம்மையார் 1793-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் நான்டக்கெட் என்னும் தீவில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவ நெறியினர். மாந்தர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இறையொளி உறைகின்றது என்பது அந்நெறியின் கொள்கை. அவ்வொளிக்கு நிற வேறுபாடு ஏது? ஆண் பெண் என்னும் வேறுபாடுதான் ஏது?

அந்நாளில் அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தியும் கரும்பும் அடிமைகளின் உழைப்பால் விளைந்தன. அவர்தம் கண்ணீரில் விளைந்த பொருளை நுகர்தல் கொடுமைக்குத் துணைபோதலே எனக் கருதிய அம்மையார், அப்பருத்தியையும் சருக்கரையையும் தம் இல்லத்தினின்று விலக்கினார். அவர் கணவர் ஜேம்ஸ் மாட், பருத்தி வாணிகத்தைக் கைவிட்டுக் கம்பளி வாணிகத்தை மேற்கொண்டார். மேடையில் முழங்குதல் எளிது. கொள்கைக்காக வருவாயைத் துறத்தல் அரிது.

1833-இல் பிலடெல்பியா நகரில் மகளிர் அடிமை ஒழிப்புச் சங்கம் தோன்ற அம்மையார் முன்னின்றார். கறுப்பின மகளிரும் அதில் உறுப்பினராயிருந்தனர். 1838-இல் அந்நகரில் அடிமை ஒழிப்பாளர் கூடிய பென்சில்வேனியா மண்டபத்தைக் கலகக் கூட்டத்தார் தீக்கிரையாக்கினர். அம்மையாரோ தம் பணியில் தளர்ந்தாரல்லர்.

1840-இல் இலண்டன் மாநகரில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடிற்று. பேராளராகச் சென்ற அம்மையார்க்கு, பெண் என்ற ஒரே காரணத்தால் அவையில் இடம் மறுக்கப்பட்டது. அடிமைகளின் உரிமைக்காகக் கூடிய அவையே மகளிரின் உரிமையை மறுத்த விந்தையை என்னென்பது! அங்கு எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்னும் இளம்பெண்மணியின் நட்பு அவருக்குக் கிட்டியது. அந்நட்பின் பயனாக, 1848-இல் செனிகா பால்ஸ் என்னும் சிற்றூரில் மகளிர் உரிமை மாநாடு நடைபெற்றது. அதன் உரிமைச் சாற்றுரையில் மகளிர் 68 பேரும் ஆடவர் 32 பேரும் கையொப்பமிட்டனர்.

இரு பணிகளை ஒருங்கே மேற்கொண்டால் இரண்டும் கெடும் என்று சிலர் கூறினர். அக்கூற்று பொருந்தாது. பெண்கள் பேசக்கூடாதென்றால், அடிமைக்காகப் பேசும் குரல்களில் பல அடங்கிப்போகுமன்றோ? அடிமைமுறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. அம்மையார் 1880-இல் மறைந்தார். பால் வேறுபாடு காட்டி வாக்குரிமை மறுத்தலை அந்நாட்டு அரசியற் சட்டம் விலக்கியதோ 1920-இல்தான். தாம் காணாத விளைவிற்கும் அவர் வித்திட்டார்.

மாணவர்களே! நீதியை வேண்டுவோர் அதனை யாவர்க்கும் வேண்டுதல் வேண்டும். தமக்கு மட்டும் வேண்டுவது தன்னலமே, நீதியாகாது.