பிள்ளையின் அப்பமும் பீடத்துக் காணிக்கையும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி கலக்கத்தோடு என்னிடம் கேட்டார்: “ஐயா, விவாகரத்துக்குப்பின் எனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கொடுக்கும்படி குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டு மாதங்களாக ஒன்றும் வரவில்லை. மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போனால் அது பழிவாங்குவதாகுமா?” ‘பொறுத்துக்கொள், ஜெபம்பண்ணு’ என்று நம்மில் பலர் அவருக்கு ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருந்தார்கள்.

அந்த ஆலோசனை பக்தியாய்த் தோன்றினாலும் அநீதிக்குத் துணைபோகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொதுவானது; முன்பு இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாயிருந்தது. தகுந்த காரணமின்றிக் கொடாதவரிடமிருந்து நிலுவையை அபராதத்தைப் போல வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். அப்போதும் செலுத்தாவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சிறைவாசத்தினால் கடன் தீர்ந்துபோவதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தொகைக்கும் அது செலுத்தப்படவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்யவேண்டும். ஆகவே இந்தச் சகோதரியின் முதல் மாத நிலுவைக்கு இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. நாம் போதிக்கும் பொறுமைக்கு விலை கொடுக்கப்போவது அந்தப் பிள்ளை.

விசுவாசிகள் வழக்காடுவதைப் பவுல் கொரிந்து சபையில் கண்டிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்றும் அவர் அங்கே கேட்கிறார். சபை தீர்த்துவைக்காமல் இருந்துவிட்டு, நீதிமன்றத்தை நாடுகிறவளைக் குற்றப்படுத்துவது எப்படி நியாயமாகும்? அநீதியுள்ள நியாயாதிபதியிடம் சலிக்காமல் சென்ற விதவையை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அவளையே நமக்கு மாதிரியாக வைத்தார்.

வருமானம் இழந்த தகப்பன் தொகையைக் குறைக்கும்படி நீதிமன்றத்தில் மனு செய்யலாம். மௌனமாய் நிறுத்திவிடுவது நேர்மையல்ல. அதுபோலவே, பிள்ளையைப் பார்க்க நீதிமன்றம் அவருக்கு அளித்த உரிமையைத் தாயும் தடுக்கலாகாது.

பெற்றோரைத் தாங்கவேண்டிய பொருளைக் ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கிவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். பிள்ளைக்குரியதைப் பிடித்துவைத்துக்கொண்டு காணிக்கை படைப்பதும் அதற்கு ஒப்பானதே. அதை அறிந்தும் வாங்கிக்கொள்ளும் சபையும் அதில் பங்காளியாகிறது.

அந்தச் சகோதரியிடம், “மனு செய்யுங்கள் அம்மா, உங்களோடு நானும் வருகிறேன்” என்றேன். மன்னிப்பு அவருடைய உள்ளத்துக்குரியது; அப்பமோ பிள்ளைக்குரியது.

நீதியை விரும்பும் இருதயத்தைக் கர்த்தர் நம் சபைக்குத் தந்தருள்வாராக. ஆமென்.