நடப்பதற்கு யாருக்கு அனுமதி?

கொழும்பு கொம்பனித்தெருவில் சிறிய குழுவொன்று மக்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த ஓவியர் ஃபிரி ரஹ்மானும் அவருடைய கலைஞர் நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. 'வீ ஆர் ஃபுறம் ஹியர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இந்த இடத்து ஆட்கள் என்று பொருள். ஒழுங்கைகளுக்குள் நடத்திச் செல்கிறார்கள், அங்கு வசிப்பவர்களின் உருவங்களை அந்தத் தெருச் சுவர்களிலேயே வரைகிறார்கள், யாருடைய வீடு எது, யார் என்ன தொழில் செய்தார் என்று பதிவு செய்கிறார்கள். வெளிப்பார்வைக்கு ஓய்வுநாள் பொழுதுபோக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் பெயரை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். யாரோ 'நீங்கள் இந்த இடத்து ஆட்கள் இல்லை' என்று சொல்லியிருந்தால் ஒழிய, ஒருவர் அப்படிப் பெயர் வைக்கத் தேவையில்லை.

சொன்னது யார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த ஆண்டே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவின் கைக்கு, வடக்கு கிழக்கை அடுத்துக் கொழும்பின் நிலமும் போனது. 2010 மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பொலிஸாரும் இராணுவத்தினரும் நின்றார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பின்னர் ஜாவா லேன் பகுதிக் குடும்பங்கள், அதே இடத்தில் தொடர்மாடி வீடு தருவோம் என்ற வாக்குறுதியோடு வாடகை வீடுகளுக்குப் போயின. கொழும்பு முழுவதிலுமாக 60,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை இடம்மாற்றுவது அப்போதைய திட்டம். இதில் முஸ்லிம்கள், மலாயர்கள், தமிழர்கள், சிங்களவர்கள் எல்லோரும் அடக்கம். சட்டபூர்வமான உறுதி வைத்திருந்தவர்களையும் 'சேரி' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டார்கள்.

கொம்பனித்தெருவை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமற்றது என்று தெரியும். 1786ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகும் வேகந்த பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துக் கடைத்தொகுதியான டி சொய்சா கட்டடம் இப்போது இல்லை. அதற்குக் கிட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த மாதிரி நிற்கும் அல்டெயார் கோபுரம்தான் இன்று அந்தப் பகுதியின் அடையாளம். அடிமைத்தீவு என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரையும் 2022இல் அரசு மாற்றிவிட்டது. பெயர் மாற்றியது நல்லதுதான். அங்கிருந்த ஆட்களையும் சேர்த்து மாற்றியதுதான் பிரச்சினை.

இதே காலத்தில்தான் கொழும்பில் அழகான நடைபாதைகள் வந்தன. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி, பாராளுமன்றத்துக்கு அருகில், பேர வாவி ஓரத்தில் என்று படையினரின் உழைப்பையும் பயன்படுத்தி அமைத்தார்கள். காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் அதற்காக ராஜபக்ஷ சகோதரர்களைப் பாராட்டியதை நாம் மறக்கவில்லை. உடல்நலத்துக்காக நடப்பவருக்குப் பாதை போடும் அதிகாரமும், ஒழுங்கைக்குள் நடந்து கடைக்குப் போகிறவரை 12ஆம் மாடிக்கு ஏற்றிவிடும் அதிகாரமும் ஒன்றாகவே இருந்தன. தொடர்மாடிக்குப் போன பிறகு லிஃப்ட் பழுதானால் வயோதிபர்கள் கீழே இறங்குவதில்லை. வாசலில் வைத்து இடியப்பம் விற்ற பெண்ணுக்கு வாசல் இல்லை.

தமிழர்களுக்குக் கொழும்பில் நடப்பது என்றால் வேறொரு ஞாபகமும் உண்டு. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சோதனைச்சாவடியில் 'எங்கே போகிறாய், ஏன் வந்தாய்' என்ற கேள்வி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 'தகுந்த காரணம்' இல்லாமல் தங்கியிருந்தார்களாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சில வருடங்கள் கழித்து கொழும்பின் வீட்டு வெளியேற்றங்களை ஆவணப்படுத்தியதும் அதே நிலையம்தான். இரண்டும் தொடர்பில்லாத சம்பவங்கள் என்று நினைப்பது கடினம்.

கொம்பனித்தெரு நடையில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இடிபடப் போகும் தெருவைப் பார்க்க வருபவர்களில் பலர், அந்தக் கோபுரங்களில் வீடு வாங்கக் கூடியவர்கள். படம் எடுத்து, தேநீர் குடித்துவிட்டுப் போனால், அழிவும் ஒரு சுற்றுலாப் பண்டமாகிவிடும். இதற்கு முழுமையான பதில் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கூட்டிச் செல்பவர் அந்தத் தெருக்காரராக இருப்பது பெரிய வித்தியாசம். வழிகாட்டி மனப்பாடம் செய்த வருடக்கணக்கைச் சொல்வார். தெருக்காரர் 'இது எங்கள் மாமியின் வீடு' என்பார். நாளைக்கு ஒரு விசாரணைக்கோ வழக்குக்கோ உதவப்போவது இரண்டாவது வகைத் தகவல்தான்.

வடக்கில் இப்படியொரு முயற்சி நடப்பதற்கான தேவை இன்னும் அதிகம். 1990 ஜூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது 30 வயதாக இருந்தவர்கள் இன்று 65ஐத் தாண்டிவிட்டார்கள். வேலியும் கிணறும் பனையும் அடையாளமாக இருந்த காணிகளை விடுவித்தபோது, எல்லை எது என்று தெரியாமல் நின்றவர்கள் ஏராளம். வசாவிளானில் எந்தக் கல்லூரிக்குப் பின்னால் எந்த ஒழுங்கை போனது என்பதை நடந்து காட்டக்கூடியவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். மயிலிட்டிக் கடற்கரையில் யாருடைய வாடி எங்கே இருந்தது என்பதற்கும் அவர்கள்தான் சாட்சி. பிரதேச சபைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ இதற்குப் பெரிய செலவு இல்லை. பேரப்பிள்ளையின் கையில் ஒரு தொலைபேசி இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் அங்கே வேறொரு தடை நின்றது. வசாவிளான் - பலாலி வீதி 35 ஆண்டுகளாக மூடிக் கிடந்து 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறக்கப்பட்டபோது, இராணுவம் நிபந்தனைப் பலகையும் வைத்தது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் பயணிக்கலாம் என்றது அது. 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்றது. வாகனத்தை இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து செல்லக்கூடாது என்றும் சொன்னது. தன் காணி இருந்த பக்கம் எது என்று ஒரு முதியவர் அப்போது பஸ் யன்னலால் மட்டுமே பார்க்க முடிந்தது. அதற்குள் பஸ் அதைத் தாண்டிவிட்டிருக்கும்.